மேட்சிங் சென்டரா, மொபைலா? ஒரு மீட்டர் துணியின் கணக்கு

ஃபேர்வெல் தேதி அறிவிச்சதும் கிளாஸ் குரூப்ல முதல்ல வர்ற சண்டை சாப்பாட்டு மெனுவுக்காக இல்ல, பிளவுஸ் துணிக்காக. "கடைல மீட்டர் 120 சொல்றாங்க, ஆன்லைன்ல அதே துணி 85" என்று ஒருத்தர் ஸ்க்ரீன்ஷாட் போடுவார். உடனே இன்னொருத்தர், "பாவம்ப்பா, சின்னக் கடை, அங்கேயே வாங்குவோம்" என்பார். மூணாவது ஆள், "35 ரூபாய்க்கு ரெண்டு பரோட்டா வரும்" என்று சொல்லி விவாதத்தை முடிச்சு வைப்பார்.

மூணு பேர் சொல்றதும் பாதிதான் சரி. "அதே துணி"தானா என்று முதல் ஆளுக்குத் தெரியாது. கடைக்காரருக்கு நம்ம பரிதாபம் தேவையா என்று இரண்டாவது ஆள் கேட்டுப் பார்க்கல. மூணாவது ஆளுக்குப் பசி.

பசங்களா, "இது பொண்ணுங்க மேட்டர்" என்று ஸ்க்ரோல் பண்ணிப் போயிடாதீங்க. அக்கா கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி உங்க கையில ஒரு புடவையைக் கொடுத்து, "இதே கலர்ல லைனிங் வாங்கிட்டு வா" என்று அம்மா அனுப்பும் நாள் எல்லார் வீட்டிலும் வரும். தவிர, இந்தக் கதைக்குள்ள நாம படிச்ச விஷயங்கள் நிறையவே இருக்கு: கலர் சயின்ஸ், இன்வென்ட்ரி, பிரேக்-ஈவன், ஃபீட்பேக் லூப். பரீட்சைக்குப் படிச்சு மறந்ததை ஒருதடவை துணிக்கடையில வச்சுப் பார்ப்போம்.

மேட்சிங் சென்டர் உண்மையில் எதை விற்கிறது?

ஊருக்கு ஊர் ஒரு கடைத்தெரு, அதுல ஒரு மேட்சிங் சென்டர். பத்தடி அகலக் கடை. சுவர் முழுக்க அடுக்கின துணி ரோல்கள். வெள்ளையில தொடங்கி சந்தனம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, அரக்கு என்று போய்க் கறுப்பில முடியும். 2 பை 2 ரூபியா, காட்டன் லைனிங், ஃபால்ஸ், உள்பாவாடை, நூல்கண்டு, ஹூக். இவ்வளவுதான் சரக்கு.

பெரிய ஜவுளிக்கடையில் நீங்கள் போய்ப் பிடிச்ச துணியைத் தேடுவீங்க. இங்கே வர்ற ஆளுக்குத் துணி ஏற்கெனவே முடிவாகி இருக்கும். கையில் ஒரு புடவை, அதற்கு ஜோடி தேடணும். ஆக, இந்தக் கடை விற்பது வெறும் துணி இல்ல. மூணு சேவை அதோடு சேர்ந்தே வருது. ஒண்ணு, எப்பவாவது ஒருதடவை மட்டுமே கேட்கப்படும் கலரையும் ரோலாக வாங்கி வச்சிருப்பது. இரண்டு, உங்க புடவையைப் பார்த்ததும் முந்நூறு ரோல்ல சரியான மூணை மட்டும் உருவி எடுக்கும் அந்தக் கண். மூணு, 80 சென்டிமீட்டர் போதும்னா 80 மட்டும் வெட்டித் தருவது.

இந்த மூணுக்கும் பில்லில் தனி வரி கிடையாது. எல்லாம் மீட்டர் விலைக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கு. சண்டைக்கே காரணம் அதுதான்: கடை விலையையும் ஆன்லைன் விலையையும் பக்கத்துல வைக்கும்போது, சேவையோடு வர்ற துணியைத் துணியோடு மட்டும் ஒப்பிடுறோம்.

கலர் விஷயத்தில் மொபைல் ஏன் தோற்கும்?

புடவையை போட்டோ எடுத்து, திரையில் இருக்கும் துணியோடு ஒப்பிட்டால் என்ன? வழியில் மூணு இடத்துல கலர் மாறும். கேமரா, "இந்த அறையில் எது வெள்ளை" என்று தானே ஊகித்து மொத்தப் படத்தையும் சரிசெய்யும். டியூப் லைட்டில் எடுத்த படமும் மொட்டை மாடியில் எடுத்த படமும் ஒண்ணா இருக்காது. அடுத்து, விற்பவர் எடுத்த படத்துக்கும் இதே கதைதான். கூடவே கொஞ்சம் எடிட்டிங். கடைசியா உங்க திரை. வழக்கமான திரைகள் பின்பற்றும் எஸ்ஆர்ஜிபி என்ற வண்ண எல்லை, கண்ணால் காணக்கூடிய எல்லா நிறங்களையும் உள்ளடக்காது. குறிப்பாக, நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் வர்ற அடர்த்தியான நிறங்களில் அது ரொம்பவே பலவீனம். நம்ம புடவைகள்ல பாதி அழகு அந்த ஏரியாவில்தான் இருக்கு!

சரி, நேர்ல துணியை வச்சே பார்த்தாலும் ஒரு சிக்கல் உண்டு. கடைக்குள் கச்சிதமாப் பொருந்தின துணி வெளியே வந்ததும் வேற கலராத் தெரியும். இதன் பெயர் மெட்டாமெரிசம். ஒவ்வொரு சாயமும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியில் எதை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்பதற்கு ஒரு வளைவு உண்டு. நம்ம கண் அந்த மொத்த வளைவையும் பார்ப்பதில்லை. மூணு வகைக் கூம்பு செல்கள் மூலம் மூணே மூணு எண்ணாச் சுருக்கிடும். வளைவுகள் வேறுவேறாக இருந்தாலும் அந்த மூணு எண்ணும் ஒரு விளக்கின் கீழ் தற்செயலாக ஒத்துப்போகலாம். விளக்கை மாற்றினால் எண்களும் மாறும், குட்டு வெளிப்படும். பட்டில் ஏறிய சாயமும் பருத்தியில் ஏறிய சாயமும் பெரும்பாலும் வேறுவேறு வகை என்பதால் புடவை, பிளவுஸ் ஜோடிக்கு இந்த ஆபத்து அதிகம்.

சாயத் தொழிற்சாலைகள்ல இதற்கென்றே ஒரு விளக்குப் பெட்டி வச்சிருப்பாங்க. பகல் வெளிச்சத்துக்கு டி65 என்ற 6500 கெல்வின் தரநிலை, கடைகளின் டியூப் லைட்டுக்கு ஒண்ணு, குண்டு பல்புக்கு ஒண்ணு என்று மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் சரக்கை அனுப்புவாங்க. உங்க ஊர் மேட்சிங் சென்டர் அக்கா அந்தப் பெட்டியைப் பார்த்திருக்க மாட்டார். ஆனா ரோலைத் தோள்ல போட்டுக்கிட்டு, "வாம்மா, வெளிச்சத்துல பாப்போம்" என்று வாசலுக்கு வருவார். செய்வது அதே சோதனைதான்.

மயில் கழுத்துக் கலர் இன்னும் சுவாரசியம். அது ஒரு கலரே இல்ல. பாவு நூல் ஒரு நிறம், ஊடை நூல் இன்னொரு நிறம். நீலமும் பச்சையும் பின்னிக்கிடக்கும். மடிப்புக்கு மடிப்பு, கோணத்துக்குக் கோணம் மாறும். அதற்கு "அதே கலர்" பிளவுஸ் என்று தேடினால் தேடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். அனுபவமுள்ள கடைக்காரர் முதல்லயே கேட்பார்: "நீலத்தை எடுக்கவா, பச்சையை எடுக்கவா? பார்டர்ல இருந்து எடுக்கவா?" இந்த ஒரு கேள்விக்கு எந்த ஃபில்டர் பட்டனும் ஈடாகாது.

இன்னொரு விஷயம், டை லாட். ஒரே ஷேட் நம்பரா இருந்தாலும் ஒவ்வொரு தடவை சாயம் ஏற்றும்போதும் இம்மியளவு மாறும். எட்டுப் பேருக்கு ஒரே கலர் வேணும்னா எட்டுப் பேருக்கும் ஒரே நாள்ல, ஒரே ரோல்ல வெட்டுங்க. "மீதிப் பேருக்கு அடுத்த வாரம்" என்றால் குரூப் போட்டோவில் அது தெரியும்.

"அதே துணி"தானா? விலையைப் படிக்கும் முறை

ஆன்லைன் பக்கத்தில் "85 ரூபாய்" என்பதற்கு முன்னாடி நாலு விஷயம் பாருங்க.

முதலாவது அகலம். மீட்டர் விலை என்பது நீளத்துக்கான விலை. நாம வாங்குவதோ பரப்பளவு. பிளவுஸ் துணிகள் பெரும்பாலும் 36 இஞ்ச் அல்லது 44 இஞ்ச் அகலத்தில் வரும். 36 இஞ்ச் துணி மீட்டர் 100 ரூபாய் என்றால் ஒரு சதுர மீட்டர் சுமார் 109 ரூபாய். 44 இஞ்ச் துணி அதே 100 என்றால் சதுர மீட்டர் சுமார் 89. ஆக, 36 இஞ்சில் 100 ரூபாய் என்பதும் 44 இஞ்சில் 122 ரூபாய் என்பதும் ஒரே விலைதான். அகலம் போடாமல் விலை மட்டும் போட்டிருந்தால் அது அரைகுறைத் தகவல்.

இரண்டாவது நூல். "2 பை 2" என்பது ஏதோ மாடல் நம்பர் இல்ல. பாவிலும் சரி, ஊடையிலும் சரி, இரண்டு இழையை முறுக்கி ஒன்றாக்கிய நூல் என்று அர்த்தம். அதனால்தான் மெல்லிசா இருந்தாலும் தையல் பிரியாம நிற்கும். ஒற்றை இழைத் துணிக்கும் அதே பெயரை ஒட்டி விற்பவங்க இருக்காங்க, ஆன்லைனிலும் கடையிலும்.

மூணாவது இழை எது என்பது. டெரிகாட்டன் என்று வீட்டில் சொல்வாங்களே, அது பாலியஸ்டரும் பருத்தியும் கலந்தது. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் உருவாக்கிய டெரிலின் என்ற பாலியஸ்டர் இழையிலிருந்து வந்த பெயர். கெட்ட துணி இல்ல. சுருக்கம் விழாது, கலர் போகாது. ஆனா மே மாசத்துல வியர்வையை உறிஞ்சாது. பருத்தி விலையில் டெரிகாட்டன் வாங்கக் கூடாது, அவ்வளவுதான். சந்தேகமா இருந்தா ஓரத்திலிருந்து ரெண்டு நூல் உருவி, இடுக்கியில் பிடிச்சுக் கொளுத்திப் பாருங்க. பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிஞ்சு, தொட்டால் பொடியும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, கெட்டியான மணியாக மாறும். இரண்டும் கலந்திருந்தால் சாம்பலுக்குள் மணி தட்டுப்படும். ஹாஸ்டல் ரூம்ல வேண்டாம், வாஷ் பேசின் பக்கத்துல செய்யுங்க.

நாலாவது சுருக்கம். நெய்யும்போதும் ஃபினிஷிங் பண்ணும்போதும் துணியை இழுத்துப் பிடிச்சே வேலை நடக்கும். முதல் தடவை தண்ணீர் பட்டதும் நூல் உப்பி, அந்த இழுவிசை விடுபட்டு, துணி தன் இயல்பான நீளத்துக்குத் திரும்பும். இதைத் தொழிற்சாலையிலேயே முன்கூட்டிச் சுருக்கி அனுப்பும் முறைக்கு சான்ஃபரைஸிங் என்று பெயர். கண்டுபிடித்த சான்ஃபோர்ட் க்ளூயட் பெயரிலிருந்து வந்தது. மலிவான லைனிங் துணியில் அந்த வேலை நடந்திருக்காது. 5 சதவீதம் சுருங்குது என்று வச்சுக்கோங்க: 36 இஞ்ச் சுற்றளவில் 1.8 இஞ்ச் காணாமல் போகும். மேல் துணி அப்படியே இருக்க, உள்ளே லைனிங் மட்டும் இறுக்கிப் பிடிக்கும். ஆகவே எங்கே வாங்கினாலும் காட்டன் லைனிங்கை ஒரு ராத்திரி தண்ணீர்ல ஊறவச்சு, காயவச்சு, அயர்ன் பண்ணிட்டுத் தையல்காரரிடம் கொடுங்க.

120 ரூபாய்க்குள் என்ன இருக்கிறது?

ஒரு மாதிரிக் கடையைக் காகிதத்தில் கட்டுவோம். எண்களெல்லாம் கணக்குக்காக நானே எடுத்துக்கொண்டவை. உங்க ஊர்ல வாடகை மாறும், சம்பளம் மாறும். கணக்கின் வடிவம் மாறாது.

300 ஷேட், ஒவ்வொன்றிலும் 10 மீட்டர், வாங்கிய விலை மீட்டர் 80 ரூபாய். சுவரில் அடுக்கி வச்சிருக்கும் சரக்கு மட்டும் 2,40,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி என்றால் மாசம் 3,600. வாடகை 15,000. இரண்டு பேர் சம்பளம் 24,000. மின்சாரம் மற்றதெல்லாம் 2,400. மொத்தம் மாசச் செலவு 45,000 ரூபாய்.

மாசம் 1,500 மீட்டர் விற்கிறது. மீட்டருக்கு விற்பனை விலை 120. ஒரு மீட்டருக்கு 40 ரூபாய் மிச்சம் என்றால் 60,000. அதில் செலவு 45,000 போக, முதலாளி கைக்கு வருவது 15,000 ரூபாய். மீட்டருக்குப் பத்து ரூபாய். "35 ரூபாய் கொள்ளை" என்று நாம நினைச்சதில் பெரும்பகுதி வாடகையும் சம்பளமும்.

இதிலும் எல்லா ரோலும் ஒரே வேகத்தில் ஓடாது. சிவப்பு, கறுப்பு, அரக்கு, பச்சை, தங்க நிறம் போன்ற சில கலர்கள் வாரா வாரம் தீரும். வெளிறிய வெங்காயத்தோல் கலர் ஆறு மாசத்துக்கு ஒருதடவைதான் கீழே இறங்கும். வேகமாக ஓடும் ரோல்களின் லாபம்தான் அந்தத் தூங்கும் ரோல்களைச் சுவரில் நிற்க வைக்குது. இதை மனசுல வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

ஆன்லைன் ஏன் மலிவு?

ஏமாத்துறதால இல்ல. அங்கேயும் நல்ல இன்ஜினியரிங் இருக்கு.

நூறு ஊர்க் கடைகள்ல ஒவ்வொன்றும் ஒரு அபூர்வக் கலரைப் பாதுகாப்புக் கையிருப்பா 10 மீட்டர் வச்சிருந்தா மொத்தம் 1,000 மீட்டர் தூங்குது. அந்த நூறு ஊருக்கும் ஒரே கிடங்கிலிருந்து அனுப்பினால், ஊருக்கு ஊர் தேவை ஒன்றையொன்று சாராமல் ஏறி இறங்கும் என்ற நிபந்தனையில், நூறின் வர்க்கமூலமான பத்து மடங்கு குறைவாக, அதாவது 100 மீட்டர் வச்சாலே அதே பாதுகாப்பு கிடைக்கும். ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட்ல ரிஸ்க் பூலிங் என்று படிச்சோமே, அதேதான். கடைத்தெரு வாடகையும் கிடையாது. கிடங்கு சூரத்திலோ ஈரோட்டிலோ, துணி உற்பத்தியாகும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால் நடுவில் ஒரு கை குறையும்.

ஆனா அங்கே ஒரு செலவு கூடும்: ஒவ்வொரு பார்சலுக்கும் பேக்கிங், கூரியர். 1 மீட்டர் அனுப்பினாலும் 10 மீட்டர் அனுப்பினாலும் கிட்டத்தட்ட அதே செலவு. அதனால் ஒரு சின்ன சூத்திரம் போதும்:

டெலிவரி கட்டணம் ÷ மீட்டருக்கு விலை வித்தியாசம் = எத்தனை மீட்டருக்கு மேல் ஆன்லைன் லாபம்.

டெலிவரி 50 ரூபாய், வித்தியாசம் 35 ரூபாய் என்றால் 1.4 மீட்டர். ஒரு மீட்டர் வேணும்னா ஆன்லைனில் 135, கடையில் 120. ஐந்து மீட்டர் வேணும்னா ஆன்லைனில் 475, கடையில் 600. "ஃப்ரீ டெலிவரி" என்றால் அந்த 50 ஏற்கெனவே விலைக்குள் இருக்கு என்று அர்த்தம். அப்போ மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுங்க. கடைக்குப் போகும் பஸ் காசையும் சேர்த்துக்கணும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, பசங்க கூட்டிக்கோங்க.

ரிட்டர்ன் விதியையும் படிக்கணும். மீட்டர் கணக்கில் வெட்டிய துணியைத் திரும்ப எடுத்துக்காத இடங்கள் உண்டு. கலர் ஒத்துப்போகலன்னா 85 ரூபாய் துணி 85 ரூபாய் தூசு துடைக்கும் துணியாகிடும்.

15 சதவீதம் பேர் போனால் என்ன ஆகும்?

இப்போ நம்ம மாதிரிக் கடைக்குத் திரும்புவோம். வாடிக்கையாளர்களில் நூற்றுக்கு 15 பேர் கடைக்கு வந்து, வாசல் வெளிச்சத்துல கலர் பார்த்து, ஷேட் நம்பரைக் குறிச்சுக்கிட்டு, துணியை ஆன்லைனில் ஆர்டர் பண்றாங்க என்று வைப்போம்.

விற்பனை 1,500 மீட்டரிலிருந்து 1,275 ஆகும். மீட்டருக்கு 40 வீதம் 51,000 ரூபாய். செலவு? அதே 45,000. வாடகைக்காரர் 15 சதவீதம் குறைச்சுக்க மாட்டார். அந்த 15 பேருக்கும் ரோல் எடுத்துக் காட்டின நேரமும் சம்பளமும்கூட செலவானது செலவானதுதான். மிச்சம் 6,000 ரூபாய். விற்பனை 15 சதவீதம் குறைஞ்சதுக்கு முதலாளியின் வருமானம் 60 சதவீதம் போச்சு. 25 சதவீதம் பேர் போனால், அதாவது விற்பனை 1,125 மீட்டருக்கு வந்தால், மிச்சம் பூஜ்யம். நிலையான செலவு அதிகமுள்ள எந்தத் தொழிலும் இப்படித்தான் சறுக்கும்.

அடுத்து அவர் என்ன செய்வார்? தூங்கும் ரோல்களை வாங்குவதை நிறுத்துவார். 300 ஷேட் 120 ஆகும். அப்புறம் உங்க வெங்காயத்தோல் கலர் புடவையோட போனா, "அது வர்றதில்லம்மா" என்பார். நீங்க ஆன்லைன் போவீங்க. விற்பனை இன்னும் குறையும், ஷேட்டும் இன்னும் குறையும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல பாசிட்டிவ் ஃபீட்பேக் என்று படிச்சோம், பெயர்தான் பாசிட்டிவ். கடை ஒருநாள் சட்டென்று மூடாது. முதல்ல கலர்கள் காணாமல் போகும், அப்புறம் அந்தக் கண் உள்ள அக்கா வேற வேலைக்குப் போவார், கடைசியில்தான் ஷட்டர்.

பெரிய நிறுவனம் என்றால் தப்பிச்சிடும் என்றும் சொல்ல முடியாது. துண்டுத் துணிகளைச் சேர்த்துக் குவில்ட் தைப்பது அமெரிக்காவில் பெரிய பொழுதுபோக்கு. அவங்களுக்கு ரோலிலிருந்து துணி வெட்டி விற்ற பெரிய சங்கிலிக் கடையான ஹான்காக் ஃபேப்ரிக்ஸ் 2016இல் மூடப்பட்டது. 1943இல் ஒஹாயோவில் தொடங்கி, சுமார் 800 கடைகள் வச்சிருந்த ஜோஆன் 2025இல் அத்தனையையும் மூடியது. கடன், போட்டி என்று காரணங்கள் பல. ஆனா விளைவு ஒண்ணுதான்: பக்கத்துல இருந்த வெட்டு மேசையை நம்பித் தைச்சவங்களுக்கு, துணியைத் தொட்டுப் பார்த்து வாங்க இன்னும் தூரம் போக வேண்டிய நிலை.

அப்போ எதை எங்கே வாங்கலாம்?

"லோக்கலை ஆதரிப்போம்" என்று ஸ்டேட்டஸ் போட்டுட்டு எல்லாவற்றையும் கூடுதல் விலைக்கு வாங்கச் சொல்லல. எதைப் பயன்படுத்துறீங்களோ அதுக்குக் காசு கொடுங்க என்பதுதான் என் கட்சி.

ஒரு புடவைக்கு ஒரு பிளவுஸ், கலர் முக்கியம்: மேட்சிங் சென்டர். மேலே பார்த்த மாதிரி, ஒரு மீட்டருக்கு அதுவே மலிவாகவும் இருக்கலாம்.

வெள்ளை, கறுப்பு மாதிரி கலர் பார்க்கத் தேவையில்லாத லைனிங் மொத்தமா 15 மீட்டர்: ஆன்லைன் அல்லது மொத்தக் கடை. யாருடைய கண்ணையும் நீங்க பயன்படுத்தல, குற்ற உணர்ச்சி தேவையில்லை.

கல்ச்சுரல்ஸ் டான்ஸுக்கு 40 பேருக்கு ஒரே துணி: மொத்தச் சந்தை. ஈரோடு ஜவுளிச் சந்தை திங்கள் மாலை தொடங்கி செவ்வாய் வரை கூடும். சென்னையில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. ஆனா போவதற்கு முன்னாடி உங்க ஊர்க் கடையில ஒரு வார்த்தை கேளுங்க. முழு ரோலா எடுத்தா அவரே வரவழைச்சு, மீட்டருக்குப் பத்து இருபது குறைச்சுத் தர வாய்ப்பிருக்கு. சுவரில் தூங்காத, வந்த அன்றே போகும் சரக்கு அவருக்கும் லாபம்.

ஒருநாள் மட்டும் போடும் ஸ்டேஜ் டிரெஸ், பிரிண்டட் ரெடிமேட் பிளவுஸ்: ஆன்லைன் தாராளமாப் போதும்.

பை, பவுச், புராஜெக்ட் மாடலுக்கு மூடி: கடையில் கட் பீஸ் பெட்டி இருக்கான்னு கேளுங்க. ரோல் முடியும்போது மிஞ்சும் துண்டுகள், விலை ரொம்பக் குறைவு.

செய்யக் கூடாதது ஒண்ணே ஒண்ணு: கடைக்காரர் கண்ணை வச்சுக் கலரைக் கண்டுபிடிச்சுட்டு, காசை வேற இடத்தில் கொடுப்பது. ஒருத்தர்கிட்ட அசைன்மென்ட்டை வாங்கிப் பார்த்து எழுதிட்டு, ட்ரீட்டை இன்னொருத்தருக்கு வைக்கிற மாதிரி அது.

கடைக்குப் போகும்போது

புடவையையே எடுத்துட்டுப் போங்க; போட்டோ வேண்டாம். துணியை வாசல் வெளிச்சத்திலும் பாருங்க, கடை விளக்கிலும் பாருங்க. ஃபேர்வெல் நடக்கப்போவது ஆடிட்டோரியத்து எல்இடி கீழேதானே.

ஞாயிறு சாயங்காலம் போகாதீங்க. வார நாள் மதியம் கூட்டம் இருக்காது, பொறுமையா எடுத்துக் காட்டுவாங்க. அகலம் எவ்வளவு, சுத்தப் பருத்தியா, சாயம் போகுமா என்ற மூணையும் கேளுங்க. பதில் தெரியாத கடைக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. சின்னக் கடை என்பதாலேயே எல்லாம் நல்ல கடை ஆகிடாது. அளக்கும்போது துணியை இழுத்துப் பிடிக்காம, மேசையில் தளர்வா வச்சு அளக்கச் சொல்லுங்க. தராசு மாதிரியே மீட்டர் கோலிலும் அரசு முத்திரை இருக்கணும். பார்ப்பது உங்க உரிமை, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

பத்துப் பேர் சேர்ந்து போனா விலை பேசுங்க. மாதிரிக் கணக்குப்படி அவருக்கு அசல் 80. நீங்க 110க்குக் கேட்டாலும் மீட்டருக்கு 30 ரூபாய் அவருக்கு நிற்கும், அதுவும் ஒரே தடவையில் பத்து மீட்டருக்கு. உங்களுக்கும் ஆளுக்குப் பத்து ரூபாய் மிச்சம். 60க்குக் கேட்டா அது பேரம் இல்ல, அவரோட சொந்தக் காசைக் கேட்கிறீங்க. இந்த வித்தியாசம் தெரிஞ்சு பேசுறவங்களுக்குக் கடைக்காரர் அடுத்த தடவை தானாவே குறைப்பார்.

வேலைக்குப் போனதும் நம்மில் பலர் வேற ஊருக்குப் போயிடுவோம், ஒரு கிளிக்கில் வாங்கும் பழக்கமும் கூடவே வரும். அதுல தப்பில்லை. ஆனா ஒரு பொருளின் விலை குறைவா இருக்குன்னு பார்த்ததும், அந்த விலையில் எது சேரலை என்ற கேள்வியையும் கேட்கிற பழக்கம் இருக்கட்டும். துணிக்கு மட்டும் இல்ல. மருந்துக்கடை, புத்தகக்கடை, புராஜெக்ட்டுக்கு ரெசிஸ்டர் வாங்கும் எலெக்ட்ரானிக்ஸ் கடை எல்லாத்துக்கும் இதே கணக்குத்தான். இந்த வாரம் குரூப்ல அந்த ஸ்க்ரீன்ஷாட் வந்தா, அகலம் எத்தனை இஞ்ச், டெலிவரி எவ்வளவு, கலரை யார் பார்த்தது என்று மூணு கேள்வி கேளுங்க. சண்டை பாதி நேரத்துல முடிஞ்சிடும். மீதி நேரத்துல சாப்பாட்டு மெனுவைப் பேசலாம்.